கிள்ளான் லிங்க் டவுன், ப்ளீஸ்

"ஆபீஸ்ல ஒரு ஈ காக்கா இல்லை பிள்ளை. நான் இருந்தேன், மெஷின் இருந்தது. மெஷின் பொய் சொல்லாது, நானும் சொல்லமாட்டேன். மிச்சம் யாரு? அந்த வாலண்டைன்தான்!"

சீவரத்தினம் மேசையில் ஓங்கித் தட்டினார். மேசை ஓரத்தில் கழுவி அடுக்கியிருந்த டிபன் கேரியர் குலுங்கியது. அதன் மூடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

டெலிகாம் இலாகாவில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பிடிக்காமல், பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடையின் மேல்மாடியில் சொந்தக் கம்பெனி தொடங்கியிருந்தார். 1998ஆம் வருடம் அது. கிடங்குகளும் தொழிற்சாலைகளும் தங்கள் கம்ப்யூட்டர்களைத் தொலைபேசிக் கம்பி வழியே தலைமையகத்தோடு இணைத்து வைத்திருந்தன. அந்த இணைப்புக்குப் பெயர் லிங்க். லிங்க் அறுந்தால் சீவரத்தினத்தின் கம்ப்யூட்டர் உடனே கண்டுபிடிக்கும். அதோடு ஒயரில் மாட்டிய ஒரு ஹேண்ட்போன் வழியாக, எஞ்சினியர் வாலண்டைனுக்கு மெசேஜ் பறக்கும். அவன் மோட்டார் சைக்கிளில் ஓடிப்போய்ச் சரி செய்வான். கம்ப்யூட்டரும் ஹேண்ட்போனும் சேர்ந்த அந்த ஏற்பாட்டை அவர் 'கேட்வே' என்பார். கேட்கிறவர்களுக்கு ஏதோ அரண்மனை வாசல் ஞாபகம் வரும்.

சில வாரங்களாக அந்த வாசலில் பேய் நடமாடியது. கிள்ளானில் உள்ள இறால் கிடங்கின் லிங்க் அறுந்துவிட்டதாக மெசேஜ் வரும். வாலண்டைன் அலறியடித்துக்கொண்டு போவான். லிங்க் நன்றாகவே இருக்கும். ஆனால் அவன் சோதித்து முடிக்கும்வரை கிடங்கில் சரக்கு ஏற்றக்கூடாது. வெயிலில் லோரிகள் நிற்கும். ஐஸ் உருகும். கிடங்கு முதலாளியான சீனத் தவுக்கேயின் பொறுமையும் கூடவே உருகிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கும் அதே கதை," என்றார் சீவரத்தினம். "மத்தியானம் மெசேஜ். கிள்ளானுக்குப் போயிட்டு அங்கேயிருந்து போன் பண்றான், லிங்க் நல்லாயிருக்குன்னு. ஊர் சுத்துறதுக்கு அவனே அவனுக்கு மெசேஜ் அனுப்பிக்கிறான். விளங்குதா? சாயந்தரம் வரட்டும், வீட்டுக்கு அனுப்பிடுறேன்."

இந்தப் பேயைப் பிடிக்க அவர் அழைத்திருந்த கனகேஸ்வரி எதிரே உட்கார்ந்திருந்தாள். தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தபோது, குரலை வைத்தே ஆளை எடைபோடப் பழகியவள். அந்தப் பழக்கத்தை நம்பி வேலையை விட்டுவிட்டுத் தனியார் துப்பறியும் ஆபீஸ் திறந்திருந்தாள். முப்பத்தைந்து வயது. அவளுடைய உதவியாளர் ஸ்டானிஸ்லாஸுக்கு அவளைவிட இருபது வயது அதிகம். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். டிக்கெட் இல்லாதவனைப் பிடிக்கும் அதே உற்சாகத்தோடு குற்றவாளிகளையும் தேடுவார், பெரும்பாலும் தவறான பெட்டியில்.

"மெசேஜ் போன நேரம் நீங்க எங்க இருந்தீங்க அங்கிள்?" என்று கேட்டாள் கனகேஸ்வரி.

"பின் ரூம்ல. சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம் யோசிப்பேன்."

"கண்ணை மூடிக்கிட்டா?"

"கண்ணைத் திறந்துகிட்டு யோசிச்சா ஆழம் வராது."

"குறட்டை விட்டு யோசிச்சா இன்னும் ஆழம் வரும்," என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

சீவரத்தினம் முறைப்பதற்குள் முன்னறைத் தொலைபேசி அலறியது. தவுக்கேதான். எடுக்கும் முன்பே சீவரத்தினத்தின் தோள்கள் தொங்கிப்போயின. "யெஸ் தவுக்கே... சாரி தவுக்கே..." என்று அவர் குனிந்து நிமிர, இருவரும் நழுவி மெஷின் அறைக்குள் போனார்கள்.

சிறிய அறை. கம்ப்யூட்டர், நாற்காலி, வாலண்டைன் சுவரில் ஒட்டியிருந்த வேளாங்கண்ணி மாதா படம். ஒயரில் மாட்டிய ஹேண்ட்போன் ஒரு பிஸ்கட் டின்மேல் படுத்திருந்தது.

"கேஸ் முடிஞ்சுது மேடம்," என்றார் ஸ்டானிஸ்லாஸ். மேடம் என்று அவர் கூப்பிடுவது மரியாதைக்கு இல்லை, வம்புக்கு. "பையனுக்குக் கிள்ளான்ல ஒரு பொண்ணு. அதான் ஓடுறான்."

"பொண்ணைப் பாக்கப் போறவன் இறால் கிடங்குல போயா நிப்பான்? காலையில அவன் ஹேண்ட்போனை வாங்கிப் பாத்தேன் அங்கிள். நிஜமாவே லிங்க் அறுந்தப்ப வந்த மெசேஜ் அதுல இருக்கு. கிள்ளான் லிங்க் டவுன். அவ்வளவுதான். பொய் மெசேஜ் எல்லாத்துலயும் கடைசியில ஒரு வார்த்தை கூட இருக்கு. பி, எல், எஸ்."

"ப்ளீஸா?"

"ஆமா. மெஷின் என்னிக்காவது யார்கிட்டயாவது ப்ளீஸ் சொல்லியிருக்கா? வாலண்டைன் அவசரத்துல அதைக் கவனிக்கல. இந்த நாற்காலியில உக்காந்து, கையால அடிச்சு அனுப்பியிருக்காங்க. தன்னைத்தானே ஏமாத்துறவன் தனக்கே ப்ளீஸ் போட்டுக்குவானா? இது மரியாதை தெரிஞ்ச திருடன்."

"மரியாதை தெரிஞ்ச திருடனை நான் ரயில்ல பாத்ததே இல்ல," என்று ஸ்டானிஸ்லாஸ் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பிஸ்கட் டின் அதிர்ந்தது. ஹேண்ட்போன் 'கீங் கீங்' என்றது.

கனகேஸ்வரி குனிந்து பார்த்தாள். யாரோ கேட்வேக்கே பதில் போட்டிருந்தார்கள். ஆங்கில எழுத்தில் தமிழ். 'டேங்க்யூ டி.சி.ஆர். லோரி வந்தாச்சு. நம்ப ஆளுங்க ரெடி.'

ஸ்டானிஸ்லாஸின் கண்கள் பளபளத்தன. "லோரி! ஆளுங்க ரெடி! மேடம், இது இறால் கடத்தல். வாலண்டைன் லிங்கைச் சோதிக்கிற நேரத்துல கிடங்கு கம்ப்யூட்டர் நின்னுடும், கணக்கு நின்னுடும். அந்த நேரம் பாத்து ஒரு லோரி வெளிய போயிடும். இங்கேயிருந்து ஒருத்தன் சிக்னல் குடுக்கிறான்."

கனகேஸ்வரி முதல் தடவையாக அவரை மரியாதையோடு பார்த்தாள். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

"டி.சி.ஆர்.னா?"

"டிக்கெட் கலெக்டர், ரயில்வே," என்றவர் உடனே கையெடுத்துக் கும்பிட்டார். "சத்தியமா நான் இல்ல."

பதில் அனுப்பியவரின் எண்ணைக் கனகேஸ்வரி மனதில் பதித்துக்கொண்டாள். சீவரத்தினத்திடம் எதுவும் சொல்லாமல் படியிறங்கி, பூக்கடைக்கு எதிரே இருந்த பொதுத் தொலைபேசியில் அந்த எண்ணைச் சுழற்றி, ரிசீவரை ஸ்டானிஸ்லாஸிடம் கொடுத்தாள். அவர் குரலை மாற்றினார். கடத்தல்காரனின் குரல் என்று அவர் நினைத்துக்கொண்ட குரல் அது. பெரும்பாலும் ஜலதோஷம்.

"ஹலோ, லோரி எங்க நிக்கிது?"

"எங்கயா?" மறுமுனையில் ஒரு பெண் சத்தம் போட்டாள். பின்னால் ஒரே கூச்சல். "செராஸ்லதான், சி ப்ளோக் கீழ! நீங்க எந்த வீடு? சீக்கிரம் வாங்கலா, முடிஞ்சிடும்!"

போன் துண்டிக்கப்பட்டது.

"பகல்லயே பங்கு பிரிக்கிறானுங்க," என்றார் ஸ்டானிஸ்லாஸ் திகிலோடு.

அவருடைய பழைய டட்சன் கார் செராஸை நோக்கி இருமிக்கொண்டு போனது. வழியெல்லாம் அவர் திட்டம் போட்டார். தான் முன்பக்கம், கனகேஸ்வரி பின்பக்கம், லோரி ஓட்டுநர் ஓடினால் சாவியைப் பிடுங்குவது. அடுக்குமாடி வீடுகளின் வளாகத்துக்குள் திரும்பியதும் அவர் பிரேக்கை மிதித்த வேகத்தில் கனகேஸ்வரியின் கைப்பை முன்னால் பறந்தது.

லோரி நின்றது. சுற்றி நூறு பேருக்குமேல். எல்லார் கையிலும் வாளி, குடம், பெயின்ட் டின், குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி. லோரியின் முதுகில் இருந்தது இறால் இல்லை. தண்ணீர்த் தொட்டி.

அந்த வருடம் மழை ஏமாற்றியிருந்தது. செராஸ் பக்கம் குழாய்களில் பல நாட்கள் காற்றுதான் வந்தது. தண்ணீர் லோரி எப்போது வரும், எந்த ப்ளோக்குக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது.

"மேடம்," என்றார் ஸ்டானிஸ்லாஸ் மெதுவாக. "இறால் இல்லாம தண்ணியை மட்டும் கடத்துறானுங்க."

"அங்கிள், சும்மாதானே நிக்கிறீங்க? இந்தாங்க, பிடிங்க!" ஒரு பெண் இரண்டு வாளிகளை அவர் கையில் திணித்தாள். போனில் கேட்ட அதே குரல். இடுப்பில் ஹேண்ட்போனைச் செருகியிருந்தாள். "நாலாம் மாடி. லிப்ட் வேலை செய்யாது."

அவள் பெயர் இராஜம்மா. கனகேஸ்வரியும் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு கூடவே ஏறினாள். படியில் இராஜம்மா மூச்சு வாங்கியபடி பேசினாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் கை கால் விளங்காது அக்கா. அவரைத் தனியா விட்டுட்டு நான் கீழ போய்க் காத்துக் கெடக்க முடியாது. மத்தவங்க எல்லாம் ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம் பெக்டரி வேலை. லோரி வரும், ஆள் இருக்காது, தண்ணியோட திரும்பிப் போயிடும். ஒருநாள் நான் கடைக்குப் போன நேரம் ஹோர்ன் சத்தம் கேட்டிருக்கு. இவரே வாளியைத் தூக்கிக்கிட்டு எறங்கப் பாத்து, படியில உருண்டுட்டாரு. நான் வந்து பாக்கிறப்ப ரெத்தமும் காலி வாளியும். அதுக்கப்புறம்தான் டீச்சர் இந்த மெசேஜ் ஏற்பாடு பண்ணாங்க. இப்ப லோரி பொறப்படுறப்பவே மாடிக்கு ஒருத்தருக்கு மெசேஜ் வந்துடும். அவங்க சொல்லி, பெக்டரில இருந்து வீட்டுக்கு ஒருத்தராவது லீவு கேட்டுக்கிட்டு ஓடி வந்துடுவாங்க."

"டீச்சரா?"

இராஜம்மா சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

நாலாம் மாடியில் கதவைத் திறந்தார்கள். கட்டிலில் நெற்றியில் தழும்போடு ஒரு மனிதர் படுத்திருந்தார். ஸ்டானிஸ்லாஸ் வாளியை இறக்கி வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்து மூச்சுவிடுவதைப் பார்த்து, அவர்தான் முதலில் கேட்டார். "தண்ணி வேணுமா?"

ஸ்டானிஸ்லாஸ் மறுபடியும் இறங்கிப் போய் இன்னும் இரண்டு வாளி கொண்டுவந்தார்.

கீழே லோரி ஓட்டுநர் கன்னையாவைக் கனகேஸ்வரி பிடித்தாள். "அண்ணே, டீச்சர் பேரு என்ன?"

"எந்த டீச்சர்?" என்றான் கன்னையா, முகத்தை இயல்பாக வைத்துக்கொள்ள முடியாமல். "எனக்குப் படிப்பே ஏறல அக்கா."

பக்கத்தில் நின்ற பெண்கள் வாளியைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள். 

திரும்பும் வழியில் சட்டை நனைந்து ஒட்டியிருந்த ஸ்டானிஸ்லாஸ் சொன்னார், "ப்ளீஸைச் சுருக்குனா பி.எல்.எஸ்., டீச்சரைச் சுருக்குனா டி.சி.ஆர்.! நான் ரயில்வேக்குள்ளயே சுத்திக்கிட்டிருந்தேன். ஆனா மேடம், அந்த ஆபீஸுக்குள்ள எந்த டீச்சர் வந்தா? கெழவர்தான் ஒரு ஈ காக்கா இல்லைன்னு அடிச்சுச் சொல்றாரே."

"அவர் பொய் சொல்லல அங்கிள். அவர் கணக்குல வராத ஆள் ஒருத்தர் வந்திருக்காங்க."

"பேயா?"

"பேய் வந்து டிபன் கேரியரைக் கழுவி வைக்குமா? மூடியில தண்ணிகூடக் காயல. அவர் கழுவுற ஆளா தெரியுதா உங்களுக்கு?"

ஸ்டானிஸ்லாஸ் வாயைப் பிளந்தார். டட்சன் ஒரு பஸ்ஸின் பின்பக்கத்தை முத்தமிடப் போய்த் தப்பியது.

அவர்கள் மாடியேறியபோது வாலண்டைன் கிள்ளானிலிருந்து வந்திருந்தான். மெலிந்த பையன். ஹெல்மெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றான். சீவரத்தினம் அவனிடம் பேசி முடித்திருந்தார் என்பது அவன் கண்ணிலேயே தெரிந்தது. ஜன்னல் பக்கம், கோயிலுக்குப் போய்விட்டுக் கணவரோடு வீடு திரும்புவதற்காக வந்திருந்த சீவரத்தினத்தின் மனைவி நேசம்மா, டிபன் கேரியரைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். நரைத்த கொண்டை, நெற்றியில் திருநீறு.

"சரியா வந்தீங்க பிள்ளை," என்றார் சீவரத்தினம். "இவனைக் கணக்குத் தீர்த்து அனுப்பிட்டேன்."

"அங்கிள், நான் செய்யல," என்றான் வாலண்டைன். அன்றைக்கு எத்தனையாவது தடவையாகச் சொல்கிறானோ, குரலில் ஈரமே இல்லை. "மூணு வாரமா தூக்கம் இல்ல. எப்ப போன் அடிச்சாலும் நெஞ்சு அடிச்சுக்கிது. நான் ஏன் செய்யணும்?"

பையை மூடப்போன நேசம்மாவின் கை நின்றது. "என்ன செய்யல? எதுக்கு அவனை அனுப்புறீங்க?"

"ஆபீஸ் விஷயம். உனக்கு வேண்டாம்."

கனகேஸ்வரி வாசலிலேயே நின்றாள். பிறகு, பள்ளிக்கூட வராந்தாவில் ஒரு பிள்ளை கூப்பிடுவதுபோல, மெல்லிய குரலில் கூப்பிட்டாள்.

"டீச்சர்!"

"என்னம்மா?" என்று நேசம்மா திரும்பினாள்.

திரும்பிய பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. வாலண்டைனைப் பார்த்தாள், கனகேஸ்வரியைப் பார்த்தாள், பிறகு ஸ்டானிஸ்லாஸின் நனைந்த சட்டையைப் பார்த்தாள்.

"தண்ணி வந்துச்சா?" என்று கேட்டாள்.

"நாலாம் மாடிவரைக்கும் வந்துச்சு டீச்சர்," என்றார் ஸ்டானிஸ்லாஸ். "நானேதான் லோரி."

சீவரத்தினம் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். "என்ன நடக்குது இங்க? அவ பள்ளிக்கூடத்தை விட்டு எத்தனையோ வருஷமாச்சு."

"மத்தியானம் ஆபீஸ்ல யாரும் இல்லைன்னீங்க," என்றாள் கனகேஸ்வரி. "சாப்பாடு யாரு கொண்டுவந்தா?"

"நேசம். அது தினமும் வர்றதுதானே..." வாக்கியம் பாதியில் நின்றது.

நேசம்மா பையைக் கீழே வைத்தாள். "நான்தான் செஞ்சேன். இராஜம்மாவும் கன்னையாவும் என்கிட்டப் படிச்ச பிள்ளைகள். இன்னிக்கு செராஸ் பக்கம் லோரி போகுதுன்னு கன்னையா காலையில வீட்டுக்குச் சொல்லிடுவான். வாலண்டைன் கீழ சாப்பிடப் போற நேரம் பாத்து, அவன் மெஷின் பக்கம் திரும்பி வராம இருக்க, கிள்ளான்னு ஒண்ணு அடிச்சு அனுப்பிடுவேன். நீங்க உள்ள படுத்திருப்பீங்க. கன்னையா லோரியை எடுக்கிறப்ப இங்க போன் பண்ணுவான். நான் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மெசேஜா அனுப்பிடுவேன்."

"என்கிட்டக் கேட்டிருக்கலாமே!"

"கேட்டேன். இராஜம்மா புருஷன் விழுந்த மறுநாள் கேட்டேன். பேப்பரை இறக்காமலே சொன்னீங்க, இது கம்பெனி மெஷின், தர்மசத்திரம் இல்லைன்னு. இன்னொரு தடவையும் கேட்டேன். அதுக்கு நீங்க பதிலே சொல்லல."

சீவரத்தினம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

நேசம்மா வாலண்டைன் அருகே போய் அவன் கையைப் பிடித்தாள். "உன்கிட்டச் சொல்லிச் செஞ்சிருந்தா, பிடிபட்டப்ப உனக்கும் பழி வரும். தெரியாம இருந்தா உனக்கு ஒண்ணும் வராதுன்னு நெனைச்சேன். கடைசியில உன் வேலைக்கே உலை வெச்சுட்டேன். இவர் ஆபீஸ் கதையை வீட்டுல பேசமாட்டார். நீ படுற பாடு எனக்குத் தெரியாது மகனே."

வாலண்டைனுக்கு அழுகை வந்தது. அதை மறைக்க ஹெல்மெட்டையே தலையில் மாட்டிக்கொண்டான்.

  சீவரத்தினம் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். பிறகு எழுந்து வாலண்டைன் முன்னால் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்டுப் பழகாதவர் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"நான் உன்னைச் சந்தேகப்பட்டது தப்பு. வாயில வந்ததெல்லாம் பேசினது அதைவிடத் தப்பு. திங்கட்கிழமை வேலைக்கு வா." கொஞ்சம் நிறுத்தி, "வருவியா?" என்று கேட்டார்.

ஹெல்மெட் மேலும் கீழும் ஆடியது.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் கடினமான காரியம். கிள்ளானுக்குத் தொலைபேசி எடுத்து, தவுக்கேயிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் நெடுநேரம் சத்தம். இவர் பக்கம் "யெஸ், மை வைஃப்... நோ, நாட் கிரேஸி" என்று ஒலித்தது. ரிசீவரை வைத்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"இந்த மாசம் முழுக்கக் காசு தரமாட்டானாம். இன்னொரு பொய் மெசேஜ் போனா கம்பெனியையே மாத்திடுவானாம்." மனைவியைப் பார்த்தார். "கிள்ளானை இனிமே தொடாதே நேசம்."

"தொடமாட்டேன்," என்றாள் நேசம்மா. வேறு எதையும் அவள் கேட்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, படியிறங்கத் தயாராக நின்றாள்.

கனகேஸ்வரி விடைபெறுவதற்கு வாய் திறந்தபோது தொலைபேசி மணி அடித்தது. பழக்கதோஷத்தில் நேசம்மாவின் கை நீண்டு, பாதியில் திரும்பியது. சீவரத்தினம் எடுத்தார்.

"டீச்சர்!" கன்னையாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "இன்னொரு லோரி தண்ணி குடுத்துட்டாங்க! இப்பவே எடுக்கிறேன்!"

சீவரத்தினம் மனைவியைப் பார்த்தார்.

"டீச்சர்? இருக்கீங்களா?"

சீவரத்தினம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எந்த ப்ளோக்?" என்று கேட்டார்.

மறுமுனையில் மூச்சு நின்ற சத்தம். பிறகு, "டி ப்ளோக்... சார்."

அவர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார். வாலண்டைன் அதற்குள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு மெஷின் அறைக்குள் போயிருந்தான். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. நேசம்மா பையைப் போட்டுவிட்டு அவன் பின்னால் ஓடினாள்.

"ஸ்டானிஸ்லாஸ்," என்றார் சீவரத்தினம். "டி ப்ளோக்ல எத்தனை மாடி?"

"அஞ்சு சார். ஏன் கேக்குறீங்க?"

சீவரத்தினம் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி, கையை மேலே மடித்துவிட்டார்.

"உங்க காரை எடுங்க."